பத்தில் தொடங்கும் டேப்

டைல்ஸ்காரர் ஏழாம் வகுப்போடு நின்றவர். நின்றதற்குப் பெரிய கதையெல்லாம் கிடையாது. அண்ணன் வேலை பார்த்த இடத்தில் ஆள் பற்றவில்லை; இவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து முட்டி போட்டே பாதி ஆயுள் ஓடிவிட்டது. ஒரு கட்டடம் முடிந்தால் அடுத்த கட்டடம். நான்கு மாதம், மிஞ்சினால் ஐந்து மாதம்; அதற்குள் சட்டி பானையைக் கட்ட வேண்டியதுதான். மனைவியும் கூடவே வேலை செய்தாள். அவர் ஒட்டிக்கொண்டே போக, பின்னாலேயே இடுக்கு அடைத்துத் துடைத்துக்கொண்டு வருவாள்.

இந்த ஓட்டத்தில் இரண்டு மகள்களில் பெரியவள் இரண்டு வருடத்தில் மூன்று பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள். போன இடமெல்லாம் புதுப்பிள்ளை என்று முதல் பாடத்திலேயே உட்கார வைத்தார்கள். மூன்றாவது பள்ளியிலிருந்து விலகி வந்த அன்று பையைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, எனக்கு முதல் பாடம் மட்டும்தான் தெரியும்."

இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மனைவியிடம் சொன்னார்.

"இனிமே நானே சொல்லிக் குடுக்கப் போறேன்."

"நீங்களா? போன வாரம் பேங்க்ல ஒரு ஃபாரம் நிரப்ப மூணு தாளை வீணாக்குன ஆளு."

"அதுக்குத்தான் சொல்றேன். அவகூட உக்காந்து நானும் கத்துக்கறேன்."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆரம்பிச்சா பாதியில விடக்கூடாது. விட்டீங்க, இடுக்கு அடைக்கிற பசையால உங்க வாயை அடைச்சிருவேன்" என்றாள்.

வீட்டிலேயே படிக்க வைக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் வருடத்துக்கு ஒரு முறை பிள்ளை கல்வி அலுவலகத்தில் தேர்வு எழுத வேண்டும். தேறாவிட்டால் விடுதிப் பள்ளியில் சேர்த்தாக வேண்டும். அப்பா அம்மா ஒரு பக்கம், எட்டு வயதுப் பிள்ளை ஒரு பக்கம். மைத்துனன் ஃபோனில் கேலி செய்தான். "மச்சான், சர்டிபிகேட்டு காகிதத்துலயா, டைல்ஸ்லயா?"

"டைல்ஸ்லதான்டா. கரையான் அரிக்காது."

வேலை நடக்கும் கட்டடமே பள்ளிக்கூடம் ஆனது. உடைந்த ஓடுகளைத் தரையில் பரப்பி அரை, கால், அரைக்கால் படித்தாள் பெரியவள். அறையின் நீளம் அகலம் பார்த்து எத்தனை பெட்டி டைல்ஸ் வேண்டும் என்று கணக்குப் போட்டாள். குறைந்தால் கடைக்கு இன்னொரு நடை, அதனால் கணக்கில் விளையாட்டு கிடையாது. குளியலறைத் தரையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி அது ஓடும் வழியைச் சுண்ணக்கட்டியால் வரைந்தாள். பெட்டியின் மேல் அச்சடித்திருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்து, அது தீர்ந்ததும் நூலகத்துப் புத்தகத்துக்குப் போனாள். மாலையில் அன்று செய்த வேலையைப் பத்து வரியில் எழுத வேண்டும். பிழையை அவர் பழைய அகராதியில் தேடித் தேடித் திருத்துவார். சில நாள் திருத்தியதே பிழையாகிவிடும். மகள் அதைக் கண்டுபிடித்துக் கைகொட்டுவாள். ஆறு வயதுச் சின்னவளோ ஒட்டிய டைல்ஸைத் தட்டிச் சத்தம் கேட்டு, "இது உள்ள காலி, இது கெட்டி" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

தேர்வு நாளும் வந்தது. மனைவி சின்னவளோடு வேலையிடத்தில் இருந்துகொண்டாள். இவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பெரியவளை அழைத்துப் போனார். பச்சைத் துணி விரித்த மேசை, சுவர் முழுக்க ஃபைல் அடுக்கிய இரும்பு அலமாரி, அதன் நடுவே அலுவலர் அம்மா. இவரை வராந்தா பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள்.

"படிக்கிறா, நல்லாவே எழுதுறா. பெருக்கல் வகுத்தல் சுத்தம். ஆனா அளவுன்னா என்னன்னே தெரியல. டைல்ஸ் ஒட்டுறவர் பொண்ணுன்னு எழுதியிருக்கீங்க. இதப் பாருங்க."

தாளில் நான்கு படங்கள். ஒவ்வொன்றின் கீழும் சுழியத்திலிருந்து தொடங்கும் ஒரு ஸ்கேல். பென்சில் பதின்மூன்றில் முடிந்தது. மகள் மூன்று என்று எழுதியிருந்தாள். கரண்டி பதினாறு, ஆறு என்று இருந்தது. இலை பதினொன்று, ஒன்று. நான்காவது படம் சாவி. அது ஆறில் முடிந்தது. அதற்கு நேரே அழகான கையெழுத்தில், "சாவி இல்லை".

டைல்ஸ்காரருக்குக் காது சூடேறியது. கால்சட்டைப் பையிலிருந்த இரும்பு டேப்பை எடுத்து மேசையில் இழுத்துக் காட்டினார். அதன் நுனி என்றோ ஒடிந்துவிட்டது. எண்கள் பத்திலிருந்துதான் தொடங்கின.

"மேடம், தப்பு பிள்ளை மேல இல்ல. முன்னாடி பத்து சென்டிமீட்டர் போயிடுச்சு. மிச்சம் நல்லாத்தானே இருக்குன்னு வச்சுக்கிட்டேன். வர்ற எண்ணுல பத்தைக் கழின்னு சொல்லிக் குடுத்தேன். அவளும் கழிச்சிட்டா."

அலுவலர் அம்மாவின் உதடு சிரிக்கப் பார்த்தது, அடக்கிக்கொண்டார். "எனக்குப் புரியுது. ஆனா ஏன் கழிக்கிறோம்னு அவளுக்குத் தெரியலையே. நான் தாள்ல இருக்கிறதத்தான் எழுத முடியும்."

அந்தச் சொல் சரியான இடத்தில் குத்தியது. பள்ளிக்கூடத்தில் காரணம் சொல்லாமல் உருப்போட வைக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேசியவர் அவர். அவரும் அதையேதான் செய்திருக்கிறார்.

"ஒரு மணி நேரம் குடுங்க மேடம். இன்னொரு தாள் வைங்க."

"சாப்பாட்டு நேரம் முடிஞ்சு ரெண்டரைக்கு வாங்க. அதுக்கு மேல இல்ல."

மகள் வராந்தாவில் அழுகையை விழுங்கிக்கொண்டு நின்றாள். "கழிக்காதே" என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. அது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டார். குப்பைக் கூடையிலிருந்து ஒரு அட்டைத் துண்டை எடுத்தார்.

"பாப்பா, நம்மளே ஒரு ஸ்கேல் செய்வோம். உன் விரல் அகலத்துக்கு ஒரு கோடு."

அவள் இருபது கோடு போட்டு எண் எழுதினாள். அதை வைத்துத் தண்ணீர் பாட்டில் மூடியை அளந்தாள், பையின் வாரை அளந்தாள். பிறகு அவர் அட்டையின் முன்பகுதியில் ஐந்து விரல் அகலத்தைக் கிழித்தெறிந்தார்.

"இப்ப அந்த வாரை அள."

முதலில் ஒன்பது வந்தது. இப்போது பதினான்கு என்றது அட்டை. அவள் வாரைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள்.

"வார் வளரலையேப்பா."

"இல்ல."

"கிழிச்சது அஞ்சு. அது போனப்புறமும் அதையும் சேத்தே எண்ணுது." கிழிந்த ஓரத்தை விரலால் தடவினாள். பிறகு மெதுவாக, "நம்ம டேப்புலயும் முன்னாடி இல்ல. அதான் கழிச்சோம். அந்தத் தாள்ல இருந்த ஸ்கேலு கிழியலப்பா."

அவர் தலையை ஆட்டினார்.

இரண்டரைக்கு அலுவலர் அம்மா புதுத் தாள் வைத்தார். இந்த முறை டைல்ஸ்காரரை வராந்தாவுக்கு அனுப்பவில்லை. மூன்று படம் அச்சில் இருந்தது. நான்காவதை அவரே பேனாவால் வரைந்தார்: ஒரு சீப்பு, ஸ்கேலில் நான்கில் தொடங்கிப் பதினைந்தில் முடிந்தது. அதைப் பார்த்ததும் டைல்ஸ்காரருக்குப் புரிந்துவிட்டது. கழிக்காதே என்று சொல்லிக் கொடுத்திருந்தால் பிள்ளை இங்கே விழுந்திருப்பாள். அந்த அம்மா அதைச் சோதிக்கத்தான் வரைந்திருக்கிறார்.

மகள் மூன்றை மளமளவென்று எழுதினாள். நான்காவதில் பென்சில் நின்றது. சீப்பின் தொடக்கத்தில் விரலை வைத்தாள். பிறகு பதினொன்று என்று எழுதினாள்.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பாதிப் பேரு இங்க பதினஞ்சுன்னு எழுதுவாங்க" என்றார் அலுவலர் அம்மா, கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "ஒரு வருஷத்துக்குத்தான் இது. அடுத்த வருஷமும் வரணும்."

"வர்றோம் மேடம். அடுத்த வருஷம் சின்னவளையும் சேத்துக் கூட்டிட்டு வர்றேன்."

பேருந்து நிறுத்தத்தில் மனைவிக்கு ஃபோன் போட்டார். "தேறிட்டா." அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம். பிறகு, "நீங்க?"

"நான் கொஞ்சம் பாக்கி வச்சிருக்கேன். வந்து சொல்றேன்."

ஃபோனை வைத்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார். "பாப்பா, காரணம் சொல்லாம வேற என்னல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேன்? யோசிச்சுச் சொல்லு."

அவளுக்கு யோசனையே தேவைப்படவில்லை. "டைல்ஸ ஏன் தண்ணியில ஊறப்போடுறோம்?"

"ஊறுனாத்தான் பிடிக்கும்."

"ஊறலன்னா?"

இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஊறாத ஓடு ஒட்டியதே இல்லை. அண்ணன் போடச் சொன்னார், போட்டார்.

"தெரியல" என்றார். "நாளைக்குக் காலையில ரெண்டு ஓடு எடு. ஒண்ண ஊறப்போடு, ஒண்ணப் போடாத. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டிப் பாத்திருவோம்."