மூன்றாம் படியில் ஒரு துண்டு

மாநகராட்சிக் கட்டடத்தின் முன்படியில் சாயங்காலம் போனால் சலூன்காரரைப் பார்க்கலாம். கடையைச் சாத்திவிட்டு, தோளில் வெள்ளைத் துண்டோடு வந்து மூன்றாம் படியில் உட்காருவார். ஆயுள் முழுக்க நின்றே பிழைத்தவர். உட்காரப் பழகியது மகன் போன பிறகுதான்.

மகன் மாநகராட்சியில் சாக்கடை அடைப்பு எடுத்தவன். ஒரு மழை நாளில் குழிக்குள் இறங்கினான்; ஏறவில்லை. உடலும் கிடைக்கவில்லை. வேலையை விட்டு ஓடிப்போனவன் என்று அலுவலகத்தில் எழுதி முடித்துவிட்டார்கள். இவர் கேட்பது ஒன்றுதான்: அதை அடித்துவிட்டு, வேலையில் செத்தான் என்று எழுத வேண்டும். அங்கே போய் உட்கார்ந்தால் பிள்ளை எழுந்து வந்துவிடுவானா என்று மனைவி கேட்பாள். இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

கட்டடத்தின் ஆண்டு விழா காலண்டருக்காக ஸ்டூடியோக்காரர் ஒரு நாள் பிலிம் கேமராவோடு வந்தார். விளக்கெல்லாம் எரிய வேண்டும், வானத்திலும் நீலம் மிச்சமிருக்க வேண்டும்; அந்தக் கொஞ்ச நேரத்துக்காகக் காத்திருந்தார். படியில் ஜனம் ஏறி இறங்குவது அவருக்குப் பொருட்டில்லை. ஷட்டரை வெகுநேரம் திறந்து வைத்தால் நடக்கிறவர்கள் படத்தில் பதியமாட்டார்கள், அசையாதவர்தான் பதிவார். அதனால் சலூன்காரரை மட்டும் எழுந்துகொள்ளச் சொன்னார்.

"இந்தப் படத்தை எங்கண்ணே மாட்டுவாங்க?"

"உள்ள, மேயர் ரூம்லயே மாட்டுவாங்க."

"அப்ப உட்கார்ந்துக்கிறேனே. என்னைத்தான் உள்ள விடல. படத்துலயாவது போறேன்."

ஸ்டூடியோக்காரர் சற்று யோசித்தார். "சரி. ஆனா அசையக் கூடாது."

"ஊர்ல உள்ள தலையெல்லாம் அசையாம பிடிச்சவன்கிட்டயே சொல்றீங்க பாருங்க."

விளக்குகள் எரிந்தன. ஷட்டர் திறந்தது. கன்னத்தில் உட்கார்ந்த ஈயைக்கூட அவர் ஓட்டவில்லை. அப்போதுதான் பியூன் வாசலுக்கு வந்தார்.

"சலூன்காரரே, உள்ள கூப்பிடுறாங்க. சீக்கிரம் வாங்க."

இத்தனை வருஷத்தில் முதல் அழைப்பு. அவர் கேமராவைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பஸ்ஸில் இடம் பிடிக்கிற மாதிரி துண்டைப் படியில் போட்டுவிட்டு ஓடினார்.

உள்ளே இருந்த அதிகாரி நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த விஷயம் முடிந்துபோனது என்றும், விழா வருவதால் இனி படியில் உட்காரக் கூடாது என்றும் சொன்னார். கூப்பிட்டது அதற்குத்தான். வெளியே வந்தபோது வானம் கறுத்திருந்தது. ஸ்டூடியோக்காரர் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டிருந்தார்.

ஸ்டூடியோக்காரர் கழுவிக் கொண்டுவந்து காட்டிய படத்தில் படிகள் வெறிச்சோடிக் கிடந்தன. மூன்றாம் படியில் துண்டு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. சலூன்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடம் போட்டு வச்சிருக்கு. ஆளைத்தான் காணோம்."

காலண்டர் அச்சாகி வந்தது. ஏதோ குப்பை என்று நினைத்து அச்சகத்தில் துண்டையும் அழித்திருந்தார்கள். வாடிக்கையாளர் ஒருவர் அதைக் கொண்டுவந்து சலூன் சுவரில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சலூன்காரர் படத்தில் மூன்றாம் படியை விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்தார். பிறகு கத்தரியை எடுத்தார்.

"தலையைக் குனிங்க. அசையாதீங்க."