கம்ப்யூட்டர் சிரிக்குமா?

தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம்... அதற்குள் ஃபோனில் கேரம் காய் குழிக்குள் விழும் சத்தம் கேட்கவே கேட்காது. சிக்னலுக்காக ஜன்னலில் சாய்ந்தபடி, முழங்கை ஈரமாக ஈரமாக விளையாடிக்கொண்டிருப்பேன்.

நமுனுகுல பக்கம், அம்மா கொழுந்து பறித்த தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீடு. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த நாட்கள். வெட்டியாக இருந்தேன் என்று அம்மா சொல்வார். அது உண்மைதான்.

முதலில் கம்ப்யூட்டரோடுதான் விளையாடினேன். அது ஓர் உணர்ச்சியில்லாத ஜென்மம்! ஈஸி லெவலில் வைத்தால் வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கும். ஹார்டில் வைத்தால் நம் கைக்கு ஆட்டமே வராது. சரி, ஜெயித்துத் தொலைத்தாலும் யாரிடம் போய்ப் பீற்றிக்கொள்வது?

பீற்றிக்கொள்ள எனக்கு இருந்த ஒரே ஆள் புவனா. பக்கத்துக் காம்பராவில், ஒரே சுவரைப் பங்குபோட்ட அடுத்த வீட்டில் இருந்தாள். முதலாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். ஆனால் அப்போது அவளோடு பேச்சு வார்த்தை இல்லை.

காரணம் எங்கள் அம்மாமார். வெயில் காலத்தில் பொதுப் பீலிக் குழாயில் தண்ணீர் நூல் போல வந்தபோது, யார் வாளியை யார் நகர்த்தினார்கள் என்று ஆரம்பித்த சண்டை. பிறகு மழை வந்து தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. சண்டை மட்டும் அப்படியே நின்றது.

வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் சண்டைக்காரர்கள் நேருக்கு நேர் பேச மாட்டார்கள். எல்லாம் சாடைதான். நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது, அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அம்மா கோழியைத் திட்டுவார், புவனாவின் அம்மாவுக்குப் போய்ச் சேரும். அங்கிருந்து பூனைக்குத் திட்டு விழும், எங்களுக்கு வந்து சேரும். பாவம், அந்தக் கோழியும் பூனையும்!

"அந்த வீட்டுப் பக்கம் ஒரு வார்த்த பேசுன... அவ்வளவுதான், சொல்லிட்டேன்" என்று எனக்கு உத்தரவு. அங்கே அவளுக்கும் அதே உத்தரவு.

அப்படியிருக்கும்போதுதான் அந்தச் சேதியும் சுவர் வழியாகவே வந்தது. புவனாவுக்குக் கொழும்பில் துணிக்கடை வேலை. அடுத்த திங்கட்கிழமை பயணம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடுவாளே!

அந்தக் கேமில் 'பக்கத்தில் இருப்பவர்கள்' என்று ஒரு பட்டன் உண்டு. கம்ப்யூட்டர் அலுத்துப்போய் அன்று அதை அமுக்கினேன். யாரோ ஒருவர் வந்தார். பெயரென்று ஏதோ எழுத்தும் இலக்கமும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. நான் சிவப்புக் காயை, அதுதான் அந்த ரெட்டை, குழிக்குள் போட்டேன்...

"அய்யய்யோ, போச்சே!"

சுவருக்கு அந்தப் பக்கம்.

தற்செயலாக இருக்கும் என்று நினைத்தேன். சோதித்துப் பார்ப்போமே என்று அடுத்த காயை அடிக்காமல் சும்மா இருந்தேன்.

"என்னாத்த பார்த்துக்கிட்டு இருக்கு இந்த ஆளு? தூங்கிருச்சா?"

புவனாவேதான்! நான் மெதுவாகத் தொண்டையைச் செருமினேன். பிறகு என் ஃபோனில் ஒரு சிரிப்புப் பொம்மை வந்து விழுந்தது.

பேசக்கூடாது என்றுதானே உத்தரவு? விளையாடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! அன்றிலிருந்து அம்மாமார் கொழுந்து பறிக்கப் போன நேரமெல்லாம் எங்களுக்கு கேரம்தான். தோற்றால் சுவரில் ஒரு குத்து விடுவாள். ஆனால் பயணத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். விடிந்தால் அவள் போய்விடுவாள். அம்மா அடுப்படியில் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தார். வீட்டில் ஆள் இருக்கும்போது விளையாடுவதில்லை என்றுதான் வைத்திருந்தோம். அன்று இரண்டு பேருக்கும் பொறுக்கவில்லை.

"யாரோடடி விளையாடுற?"

"கம்ப்யூட்டரோடம்மா."

அந்தப் பக்கம் புவனா 'களுக்'கென்று சிரித்துவிட்டாள். அவள் அம்மா அதட்டுவது கேட்டது. "என்னாடி சிரிப்பு? யாரு கூட வெளையாடுற?"

"கம்ப்யூட்டர் கூடத்தாம்மா!"

அம்மாவின் கை மாவிலேயே நின்றது. சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் சிரிக்குமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கண்ணீர்தான் வந்தது. அடி விழும் என்று காத்திருந்தேன். அம்மா மாவை இன்னும் நாலு தடவை அழுத்திப் பிசைந்தார். பிறகு கோழியைத் திட்டும் அதே உரத்த குரலில் சொன்னார்.

"அந்தக் கம்ப்யூட்டர்கிட்ட சொல்லு... நாளைக்கு தூரப் பயணம். விடியக்காலையில சாப்பிட நேரமிருக்காது. தேங்காச் சம்பல் அரைச்சிருக்கேன், இப்பவே வந்து சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு."

பிறகு புவனாவின் அம்மா, அவரும் மகளிடம் சொல்வது போலவே...

"கம்ப்யூட்டரோட அம்மாவும் வரலாமான்னு கேளுடி."

என் அம்மா பிசைந்ததோடு இன்னும் ரெண்டு கை மாவை அள்ளிப் போட்டார்.

இப்போது நான் பதுளை டவுனில் இருக்கிறேன். கெட்டிச் சுவர் வீடு, பக்கத்து வீட்டில் யார் என்றே சரியாகத் தெரியாது. புவனா கொழும்பில், கல்யாணம் கட்டி இரண்டு பிள்ளைகள். இன்றைக்குக் கம்ப்யூட்டர்களும் ரொம்ப முன்னேறிவிட்டன. தோற்றால் அழுகிற பொம்மை போடுகின்றன, மனிதப் பெயர் வைத்துக்கொண்டு 'நல்ல ஆட்டம்' என்று பாராட்டுகூட அனுப்புகின்றன. எது மனிதன், எது மெஷின் என்று என் மகளுக்கே குழப்பம்.

எனக்குக் குழப்பமே இல்லை. போன ஞாயிறு ஒரு ஆட்டத்தில் ரெட்டைப் போட்டேன். அடுத்த நிமிடம் ஃபோன் அடித்தது. புவனா ஹலோ கூடச் சொல்லாமல் ஆரம்பித்தாள்.

"ஏய், அது செல்லாதுடி! மறுபடி ஆடு!"