எழுதுவதற்குமா காசு?

தலவாக்கலையில் கொமினிகேஷன் கடை வைத்திருப்பவர்களுக்கு இயந்திரம் செய்யும் வேலைக்குத்தான் கூலி உண்டு. மனிதர் செய்வதெல்லாம் சும்மா. கடைக்கு வருகிறவர்கள் போட்டோ கொப்பிக்கு மறுபேச்சில்லாமல் காசை நீட்டுவார்கள். அதே தாளை அரைமணி நேரம் உட்கார்ந்து சிங்களத்தில் நிரப்பிக் கொடுத்து நூறு ரூபாய் கேட்டால், அவர்கள் மடிக்குள் நான் கையை விட்டதுபோலப் பார்ப்பார்கள். தோட்டையும் வளையலையும் விற்றுப் போட்ட கடை இது. கொப்பியில் வருவது கரண்ட் பில்லுக்கே சரி. அந்த நூறு ரூபாய் வந்தால் கடை நிற்கும், வராவிட்டால் மூட வேண்டியதுதான். தையற்காரர்களே, போன் ரிப்பெயார்க்காரர்களே, உங்களுக்கு இது புதிதில்லை; இருந்தாலும் கேளுங்கள்.

எத்தனை கிலோ?

முதல் மாதமே, ‘படிவம் நிரப்ப ரூபா நூறு’ என்று பலகை மாட்டினேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் பிறப்புச் சான்றிதழ் படிவத்தோடு வந்தார். என் மை செலவாகக் கூடாதே என்று பேனாவையும் அவரே கொண்டு வந்திருந்தார். எழுதி முடித்துப் பலகையைக் காட்டினேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். தோட்டத்தில் இரண்டு கிலோ குறைந்தாலே அரைப்பேர், அதாவது பாதிநாள் சம்பளம். நிறுக்காத வேலையை அவர் எங்கே கண்டார்?

“நாங்க நாள் முழுக்க மழையில நின்னு எடுத்தாலும் தராசுல வச்சுத்தான் பேரு போடுறாங்க. நீ உக்காந்து எழுதுனது எத்தனை கிலோ புள்ள இருக்கும்?”

பருப்பு முதலாளி

அக்காவையாவது மன்னிக்கலாம். எதிர்க்கடை மொத்த வியாபார முதலாளி, காணி விஷயமாக வந்த ஐந்து பக்கச் சிங்களக் கடிதத்தை என்னிடம் கொண்டு வந்தார். வாசித்து, விளக்கி, பதிலும் எழுதிக் கொடுத்தேன். ஒரு பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்று மாலை அவர் கடையில் அரைக்கிலோ பருப்பு வாங்கினேன். என் கையில் பத்து ரூபாய் குறைந்தது. மனிதர் சிரித்த முகத்தோடே பையைத் திறந்து ஒரு பிடி பருப்பைத் திரும்ப அள்ளிக்கொண்டார். காலையில் எழுதிய கடிதத்தை மெல்ல ஞாபகப்படுத்தினேன்.

“அது பழக்கம் தங்கச்சி, இது வியாபாரம். ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க.”

ஓசி லெமினேட்

சரி, ஓசியைக் காட்டியே ஆட்களைப் பிடிப்போம் என்று, படிவம் நிரப்பினால் ஒரு லெமினேட் இலவசம் என அறிவித்தேன். முதல் ஆளாக வந்த அண்ணன், நான் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்தையே லெமினேட் பண்ணச் சொன்னார். கிராம சேவகர் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை, வேண்டாம் என்று கெஞ்சினேன். “ஏமாத்தப் பாக்குறீங்களா?” என்று சத்தம் போட்டார். போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் வந்து நின்றார். பிளாஸ்டிக்கின் மேல் கிராம சேவகரின் பேனா எழுதவில்லையாம். புதுப் படிவம் நிரப்ப வேண்டும், அதுவும் காசில்லாமல்.

“சும்மா கெடைக்கிறத யாராச்சும் விடுவாங்களா? போர்டு போட்ட ஒங்க மேலதான் பெழ.”

இலவச முகாம்

தேர்தல் நெருங்கியதும் ஒரு கட்சிக்காரர்கள் பந்தல் போட்டு, படிவம் நிரப்பித் தந்தார்கள், கூடவே தின்ன ஒரு பனிசு ரொட்டியும். ஒரு வாரம் என் கடையில் ஈ கூட இல்லை. பிறகு எல்லாரும் திரும்பி வந்தார்கள். ஓய்வுபெற்ற ஓர் அம்மாவின் சேமலாப நிதிப் படிவத்தில், தகப்பன் பெயர் வரவேண்டிய இடத்தில் புருஷன் பெயர். படிவம் திரும்பி வந்துவிட்டது. முப்பது வருஷ உழைப்பின் காசு அது. புதிதாக எழுதிக் கொடுத்துவிட்டு நூறு ரூபாய் கேட்டேன்.

“அவங்க பனிசும் குடுத்து சும்மா எழுதுனாங்க. அந்தப் பெழைய திருத்துறதுக்கு நீ காசு கேக்குறியே, மனசாட்சி இருக்கா?”

அம்மா

இத்தனை பேரும் எப்படி என் கடையையே தேடி வருகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. காலையில் தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குக் கூடும்போது, அம்மாதான் ஒவ்வொருவரிடமும், “எம் மககிட்ட போங்க, காசு வாங்க மாட்டா” என்று சொல்லி அனுப்புகிறார்.

ஞாயிற்றுக்கிழமை, அம்மா இருக்கும் தோட்டத்து லய வீட்டுக்குப் போய் அழுதே விட்டேன். இப்படியே போனால் அடுத்த மாதம் கடையை மூட வேண்டும் என்றேன். ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். முகம் மலர்ந்தது.

“மூடிட்டு இங்கயே வந்துரு. லயத்துல உக்காந்து எழுதிக் குடுத்தா, பாவம், அதுகளுக்கு பஸ் காசும் மிச்சம்.”

ஓசி கேட்கிறவர்களோடு மல்லுக்கட்டியாவது பிழைத்துக்கொள்ளலாம். நம்மையே ஓசியில் தூக்கிக் கொடுக்கிறவர் வீட்டுக்குள் இருந்தால் எந்தக் கடையும் நிற்காது.