ரோடு மனுவில் இருந்த பெயர்கள்

இன்று மலையேறும் பஸ்ஸில், கைக்குழந்தையோடு நின்ற எனக்குப் பாப்பாத்தி அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார். கோர்ட்டிலிருந்து வருகிறார்.

"தம்பிக்கு ஜாமீன் கெடச்சுதுங்களா அக்கா?"

"இல்ல கண்ணு. மறுபடியும் வாய்தா."

உள்ளே இருப்பது அவர் மகன். போன வருடம் ரோடு கேட்டு மறியல் செய்தபோது போலீஸ் ஊர்க்காரர்களை அடித்து விரட்டியது. பிறகு, ரோடு கேட்டு நாங்கள் முன்பே கொடுத்திருந்த மனுவில் இருந்த பெயர்களை அப்படியே வழக்கில் சேர்த்தது.

மறியலன்று அவன் திருப்பூரில், மில் வேலையில் இருந்தான். எங்கள் ஊர் மனுவில் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் பெயரையும் வீட்டோடு சேர்த்து எழுதுவது வழக்கம். ஊர் நோம்பித் திருவிழாவுக்கு வந்தவனைப் பிடித்துப் போனார்கள்.

அந்த மனுவை எழுதியது நான்.

"என்னாலதானுங்க அக்கா..."

"அட, நீயா புடிச்சுட்டுப் போனே?" என்று குழந்தையின் குல்லாவைச் சரிசெய்தார். "உம் பேரு விட்டுப்போனதே நல்லதாப் போச்சு சாமி. பச்சப் புள்ளைய வெச்சுக்கிட்டு கோர்ட்டுக்கு அலைய முடியுமா?"

விட்டுப்போகவில்லை. வயிற்றில் பிள்ளை இருக்கிறது, வம்பு வேண்டாம் என்று நான்தான் எழுதவில்லை. அதைச் சொல்வதற்குள் அவர் இறங்கும் நிறுத்தம் வந்துவிட்டது; இறங்கிப் போய்விட்டார்.

ஊருக்கு மனு எழுதிக் கொடுக்கும் படித்தவர்களே, உங்கள் பெயரை எத்தனையாவதாக எழுதுகிறீர்கள்?