பட்டாளத்தார் வீட்டு வெள்ளித் தட்டு

என் அண்ணியைப் பற்றி யாரிடம் கேட்டாலும், "அந்த அம்மாவா? வீட்டைக் கண்ணாடி மாதிரி வச்சிருப்பாங்களே" என்பார்கள். நாசமாய்ப் போகட்டும் அந்தக் கண்ணாடி. அதைத் துடைத்தே அவள் ஆயுசில் பாதி போயிற்று.

அவளுக்கும் எனக்கும் ஒரே வயசு. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு அவள் வந்தபோது அவன் பட்டாளத்தில் ஹவில்தார். தெருவே அவனைப் பட்டாளத்தார் என்றுதான் கூப்பிடும். ஒரு சண்டையில், ஆறு கரைபுரண்டு ஓடும்போது, காயம்பட்ட இரண்டு பேரைத் தோளில் சுமந்து அக்கரை சேர்த்தவன். அதில் பொய்யில்லை. தைரியசாலி இல்லை என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. அதற்காக ரெஜிமென்ட் அவனுக்கு ஒரு வெள்ளித் தட்டு கொடுத்தது. நடுவில் அவன் பெயர், பட்டாளத்து நம்பர், ஆற்றைக் கடந்த சேதி நாலு வரியில். சுற்றிலும் அதிகாரிகளின் கையெழுத்தை அப்படியே மெல்லிய கோடுகளாகப் பொறித்திருந்தார்கள்.

பட்டாளத்தில் பெல்ட் வில்லை, பொத்தான் எல்லாம் பித்தளை. அதைத் துலக்க டப்பாவில் ஒரு பசை வரும். விரலில் எடுத்தால் நறநறவென்று இருக்கும். அண்ணன் வெள்ளிக்கும் அந்தப் பசையைத்தான் போடச் சொன்னான். பித்தளையாவது வெள்ளியாவது, பளபளத்தால் சரி அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ போடுவதற்கு முன்னால் அண்ணி தட்டைத் தேய்த்து மேசைமேல் வைக்க வேண்டும். அவன் வெள்ளைக் கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு எழுத்துகளின் பள்ளத்துக்குள் விட்டு ஓர் இழு இழுப்பான். துணியில் கறுப்பு தெரிந்தால் தட்டு திரும்பி வரும். சில நாள் தட்டோடு கையும் சேர்ந்து வரும்.

"என்ன அண்ணி, கன்னம் வீங்கியிருக்கு?" என்றால், "பல்லு வலி" என்பாள். அடிப்பாவி, ஒரு மனுஷிக்கு எத்தனை பல்லுதான் இருக்கும்! நான் ஒருமுறை அண்ணனைப் பிடித்துக் கேட்டுவிட்டேன். "பட்டாசு, உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போ" என்றான். சின்ன வயசிலிருந்து எனக்கு அவன் வைத்த பெயர் அது. மூக்கின்மேல் கோபமாம் எனக்கு. அவனுக்கு என்ன பெயர் வைப்பது?

போய்ச் சேர்ந்தான். சாகும்போதுகூட, "அந்தத் தட்டுதான் உனக்கு பேங்க். நான் இல்லாத காலத்துல அது உனக்குச் சோறு போடும். பளபளன்னு வச்சுக்கோ" என்றுதான் சொன்னான். இவளும் விடவில்லை. வருஷக்கணக்காக அதே பசை, அதே ஞாயிற்றுக்கிழமை. பார்க்கிறவர்கள் எல்லாரும், "புருஷன் மேல எவ்வளவு உயிரு பாரு" என்று உருகினார்கள். எனக்கு வயிறு எரியும்.

"அவன்தான் போயிட்டானே அண்ணி, இன்னும் யாருக்குப் பரேடு?" என்று கேட்டேன்.

"கறுத்துடுச்சுன்னா திக்குன்னு இருக்குடி" என்றாள்.

பிறகு அவளை மகன் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். மூன்றாவது மாடி. மகனும் மருமகளும் ஓர் அறையில், பேரப்பிள்ளைகள் இன்னோர் அறையில், அண்ணி கூடத்தில். சுவரோரம் ஒரு மடக்குக் கட்டில். எல்லாரும் டிவி பார்த்து முடித்தால்தான் அதை விரிக்க முடியும். துணி மாற்றக் குளியலறை காலியாகும்வரை காத்திருப்பாள். மருமகள் கெட்டவள் இல்லை, இடம்தான் இல்லை. ஆனாலும் ஒரு மனுஷி எத்தனை நாள்தான் நடைவழியில் குடித்தனம் பண்ணுவாள்?

பக்கத்துத் தெருவில் தையல்காரர் வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. ஒரே அறை, தனிக் குழாய், ஒரு ஜன்னல். பார்க்கப் போனோம். அண்ணி உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நான் வெளியே நின்று தட்டோ தட்டென்று தட்டினேன். கடைசியில் திறந்தவள் முகமெல்லாம் சிரிப்பு.

"திறக்கணுமான்னு யோசிச்சேன்டி" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

மாத வாடகைக்கு அவள் பென்ஷன் போதும். முன்பணம்தான் இல்லை. என்னிடம் இருந்தால் தூக்கிக் கொடுத்திருப்பேன். நானே மருமகன் வீட்டில் சோறு தின்றுகொண்டிருக்கிறேன். மகனைக் கேட்டால், எதற்குத் தனி அறை, ஊர் என்ன சொல்லும் என்று ஆரம்பிப்பான். தையல்காரர் மனைவி மாசக் கடைசிவரைதான் பொறுப்பேன் என்றுவிட்டாள்.

"தட்ட வித்துடலாம் பட்டாசு" என்றாள் அண்ணி. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பட்டாளத்து மெடல், விருது எல்லாம் வாங்கி விற்கிற ஒரு பழம்பொருள் கடை உண்டு. கிளம்புகிற அன்று அண்ணி அதிகாலையிலேயே எழுந்து தட்டைத் தேய் தேய் என்று தேய்த்திருக்கிறாள். கடைக்காரரின் மேசையில் வைத்துத் துணியை விலக்கினாள். கூரை விளக்கு அதில் தெரிந்தது. கடைக்காரர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இத எதப் போட்டும்மா தேய்ச்சீங்க?"

"பட்டாளத்துப் பசைங்க. ஒரு வாரம்கூட விட்டதில்ல" என்றாள் அண்ணி பெருமையாக.

அவர் லென்ஸைக் கீழே வைத்தார். "கையெழுத்து ஒண்ணுகூட மிச்சமில்லம்மா. பேர்ல முதல் எழுத்தோட கால் மட்டும் லேசாத் தெரியுது. நம்பர்ல ஒரு சுழி. அவ்வளவுதான்."

உள்ளே போய் இன்னொரு தட்டை எடுத்து வந்தார். அடுப்பில் கிடந்த சட்டி மாதிரி கறுப்பு. ஆனால் எழுத்தெல்லாம் நேற்று வெட்டினதுபோல ஆழமாக இருந்தது. "இது முகாம் சமையல்காரர் ஒருத்தரோடது. பரண்ல அரிசி டின்னுக்கு மூடியாக் கிடந்துச்சு. இதுக்குப் போட்டி போட்டுக்கிட்டு நிக்கிறாங்க. வாங்குறவங்க வெள்ளிக்காக வர்றதில்லம்மா, அதுல இருக்கிற மனுஷனுக்காக வர்றாங்க. கறுப்பா இருந்தா யாரும் கை வைக்கலைன்னு அர்த்தம். ஒவ்வொரு தடவ தேய்க்கும்போதும் கறுப்போட கொஞ்சம் வெள்ளியும் போயிடும். அதுவும் பித்தளைப் பசை அரம் மாதிரி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்கண்ணன் ஆத்துல உயிரக் குடுத்துச் சம்பாதிச்சது இது! அரிசி டின் மூடிக்கு இருக்கிற மரியாதை இதுக்கு இல்லையா? பேர்தானே வேணும், திரும்ப வெட்டிட்டாப் போச்சு!"

"வெட்டினா அது போலிம்மா. நான் தொடவே மாட்டேன்."

"சும்மா இரு பட்டாசு" என்றாள் அண்ணி. அவரைப் பார்த்து, "எழுத்து அப்படியே இருந்திருந்தா, ஒரு ரூமுக்கு முன்பணம் தேறியிருக்குங்களா?" என்று கேட்டாள்.

"முன்பணமா? பல வருஷ வாடகையே தேறியிருக்கும்மா."

அந்த ஆள் ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். உண்மை பேச அந்த நேரம்தானா கிடைத்தது அவருக்கு?

வெளியே வந்தோம். வீட்டுக்குப் போகலாம் என்று நான் கையைப் பிடித்தேன். அவள் அசையவில்லை. தெருமுனையில் பழைய வெள்ளியை எடைக்கு எடுக்கிற கடையைக் காட்டினாள்.

"இங்கயே குடுத்துடலாம். வீட்டுக்குக் கொண்டுபோனா மறுபடி தேய்ப்பேன்."

எடைக்கடைக்காரன் தட்டை இப்படியும் அப்படியும் திருப்பினான். "பேர் கீர் ஏதாவது வெட்டியிருக்காம்மா? பேர் இருந்தா நாளைக்கு எவனாவது வந்து எங்க தாத்தாவோடதுன்னு நிப்பான்."

"இல்லப்பா" என்றாள் அண்ணி. "யார் பேரும் இல்ல."

அவன் எடை போட்டுவிட்டு, தட்டை முழங்காலில் வைத்து இரண்டாக மடித்து ஒரு மூட்டைக்குள் போட்டான். வந்த பணம் முன்பணத்தில் பாதிகூட இல்லை. அண்ணி அதை எண்ணாமல் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

நடைபாதையில் நின்று என் அண்ணனைத் திட்ட ஆரம்பித்தேன். செத்தவனைப் பேசக்கூடாது என்பார்கள், எனக்கு அதெல்லாம் கிடையாது. கட்டையில் போனவன், பாவி, படுத்தினது போதாதென்று பசையையும் விட்டுவிட்டுப் போனான் என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு என் தோளைத் தொட்டாள்.

"அவரச் சொல்லாத. அவர் செத்த அன்னிக்கு ராத்திரி அந்தத் தட்ட மடியில வச்சுக்கிட்டு முழுசாப் படிச்சேன்டி. பேரு, நம்பரு, ஆறு, சுத்தி இருந்த கையெழுத்து, எல்லாம் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் என்னை யாரு தேய்க்கச் சொன்னா? யாரும் சொல்லல. கறுப்பு இருக்கான்னு பாத்தேனே தவிர, எழுத்து தேயுறதப் பாக்கல. அடிக்க ஆளில்லாத வீட்டுல பயந்து பயந்து தேய்ச்சு, என் ரூம நானே தொலைச்சிட்டேன்."