உள் விசாரணைக்குத் துணையாகப் போனது

சஸ்பென்ஷன் என்றால் வேலை போய்விட்டது என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கூட வேலை செய்கிற பெண் ஒருத்திக்கு அது வந்தபோதுதான் தெரிந்தது, வேலை போகவும் இல்லை, இருக்கவும் இல்லை, நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று. விசாரணை முடிகிறவரை வீட்டில் இருக்க வேண்டும். பாதிச் சம்பளம் கொடுப்பார்கள். அதற்குப் பிழைப்பூதியம் என்று பேராம்.

எங்கள் கார்மென்ட்ஸ் கம்பெனி தர்மபுரியிலிருந்து தொப்பூர் போகிற வழியில், ரோட்டை ஒட்டி இருக்கிறது. நான் அங்கே வெட்டுத்துணி அள்ளி மூட்டை கட்டுகிறவன். அதற்கு முன்னால் கல் குவாரி, அதற்கும் முன்னால் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. அதையெல்லாம் சொல்லத் தொடங்கினால் இது நகராது. நான் சொன்ன பெண் தையல் லைனில் காலர் வைக்கிறவள். பக்கத்து ஊர், ஒரே கம்பெனி பஸ். என்னைப் பெரியப்பா என்பாள். அவள் புருஷன் பாலக்கோட்டிலிருந்து தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு சேலம் போகிற டிரைவர். தொப்பூர் கணவாயில் இறங்கித்தான் போக வேண்டும். பிரேக் பிடிக்காத லாரி முன்னால் நிற்கிற வண்டிகள் மேலெல்லாம் ஏறுகிற இறக்கம் அது.

ஒரு நாள் காலையில் ஆம்புலன்ஸ் ஒன்று கணவாய்ப் பக்கம் கத்திக்கொண்டு போனது. பின்னாலேயே இன்னொன்று. மூன்றாவது சத்தத்துக்கு அவள் மெஷினை விட்டு எழுந்துவிட்டாள். போனையெல்லாம் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. சூப்பர்வைசரிடம் "அண்ணா, நான் போறேன்" என்றாள். அவர் வாய் திறப்பதற்குள் படி இறங்கிவிட்டாள். காலர் வராமல் லைன் நின்றது. அன்றைய டார்கெட் போச்சு.

யாரோ ஒருவர் பைக்கில் ஏறிப் போய்ப் பார்த்தால், புருஷன் வண்டி விபத்துக்கு வெகு பின்னால் நெரிசலில் நின்றதாம். அவன் உள்ளே உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தானாம். "வேலைய வுட்டுட்டு இங்க என்னாடி பண்ற?" என்று கேட்டானாம். அவள் வெள்ளரிக்காயைப் பிடுங்கி ரோட்டில் எறிந்தாளாம்.

மறுநாள் சஸ்பென்ஷனும் சார்ஜ் ஷீட்டும் கொடுத்தார்கள். அனுமதியில்லாமல் பணியிடத்தை விட்டுப் போனது, உற்பத்தி நஷ்டம். உள் விசாரணை வைப்பார்களாம், வெளி வக்கீல் கூடாதாம், கூட வேலை செய்கிற ஒருத்தர் துணைக்கு உட்காரலாமாம். என் வீட்டுக்கு வந்தாள்.

"எனக்கு எழுத்தே தெரியாதேம்மா."

"எழுத்து தெரிஞ்சவங்கள எல்லாம் கேட்டுட்டேன் பெரியப்பா. ஒருத்தருக்குக் கல்யாணம், ஒருத்தருக்குக் கண்ணு வலி. நீங்க பக்கத்துல சும்மா ஒக்காருங்க, போதும்."

"சும்மாவா?" என்றாள் உள்ளேயிருந்து என் மனைவி. "அந்த வாயி சும்மா இருக்குமான்னு மொதல்ல கேட்டுக்க."

வந்தவள் சிரிக்கவில்லை. லோடு இருந்தால்தான் அவள் புருஷனுக்குக் காசு. மாதம் தவறாமல் வருவது இவள் சம்பளம் ஒன்றுதான். சின்ன மகளுடைய வலிப்பு மாத்திரையும் இவள் ஈ.எஸ்.ஐ.யில்தான். டிஸ்மிஸ் என்று வந்தால் இரண்டும் போகும்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கட்டிய மூட்டையை அவிழ்த்து மறுபடி கட்டினேன். சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனேன். ஓசூரில் ஒரு காலத்தில் யூனியனில் இருந்த ஆள் ஒருவர் எங்கள் ஊர் டீக்கடையில் இருப்பார். அவரைப் பிடித்தேன்.

"காண்ட்ராக்டா, பர்மனென்ட்டா?"

"பர்மனென்ட்தாங்க."

"அப்ப சுளுவாத் தூக்க முடியாதுங்க. வயித்து வலின்னு சொல்லச் சொல்லுங்க. டாக்டர் சீட்டுக்கு நான் ஆளு சொல்றேன். லாரி, கணவாய், எதுக்கும் வாயத் தொறக்காதீங்க."

இதை அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே சின்னவளுக்கு மாத்திரை உடைத்துக் கொடுத்தாள்.

விசாரணை செய்ய கம்பெனியே சேலத்திலிருந்து வரவழைத்திருந்த வக்கீல், பேசுகிறதையெல்லாம் லேப்டாப்பில் அடித்துக்கொண்டே இருந்தார். சூப்பர்வைசர் நடந்ததைச் சொன்னார், பொய்யொன்றும் கலக்கவில்லை. பிறகு என்னைக் கேட்டார்கள். அவளுக்கு வயிற்று வலி என்றுதான் தொடங்கினேன். ஆனால் எதையும் நடுவிலிருந்து சொல்ல எனக்கு வராது.

"அன்னிக்குத் தக்காளி வெல ஏறி இருந்துச்சுங்க, அதனால விடியறதுக்கு முந்தியே லோடு ஏத்தி..."

வக்கீல் கையை நிறுத்தினார். "வயித்து வலின்னீங்களே. தக்காளிக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"தக்காளிய அவ திங்கலீங்க. அவ வூட்டுக்காரரு ஏத்திக்கிட்டுப் போனாருங்க."

சூப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "வுடுங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டு அவளே பேசினாள்.

"வயித்து வலியெல்லாம் இல்லீங்க சார். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுச்சு, போனேன். அண்ணங்கிட்டச் சொன்னேன், அவரு சரின்னு சொல்லல. அது என் தப்புதாங்க. ஆனா அந்தச் சத்தம் இன்னொருக்கா கேட்டாலும் போவேன்."

வக்கீல் அவளையே பார்த்தார். "கடைசியாச் சொன்னதையும் எழுதட்டுமாம்மா?"

"எழுதுங்க."

உத்தரவு வருவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. டிஸ்மிஸ் இல்லை. கடைசி எச்சரிக்கை, இன்னொரு முறை நடந்தால் விசாரணை இல்லாமலே நடவடிக்கை என்று எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார்கள். அப்படிச் செய்ய முடியாது என்று டீக்கடை யூனியன்காரர் சொன்னார். அதை நம்பி யார் சோதித்துப் பார்ப்பது? கூடவே இடமாற்றம். பின்கட்டுப் பேக்கிங் அறை. அங்கே ஜன்னலும் இல்லை, பாய்லர் சத்தத்தில் ரோடு காதில் விழாது.

என் கழிவுத்துணிக் கொட்டகை ரோட்டோரம் இருக்கிறது. மதியம் டிபன் பாக்ஸோடு அவ்வளவு தூரம் நடந்து வருவாள்.

"எதாச்சும் போச்சா பெரியப்பா?"

"ஒண்ணு போச்சு. தர்மபுரிப் பக்கம்."

அப்புறம்தான் மூடியைத் திறப்பாள்.

ஆனால் ஆம்புலன்ஸ் சாப்பாட்டு மணி பார்த்தா போகிறது? நேற்று அவள் சாப்பிட்டுவிட்டு உள்ளே போன பிறகு ஒன்று கணவாய்ப் பக்கம் போனது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. அவன் அன்று லோடு ஏற்றியிருந்தான் என்று எனக்குத் தெரியும். போய்ச் சொன்னால் எழுந்துவிடுவாள். எழுந்தால் வேலை போய்விடும். மூட்டை வாயைப் பிடித்தபடி நின்றேன், கயிறு கட்ட வரவில்லை. சாயங்காலம் கேட்டில் போனை வாங்கியதும் முதலில் அவனைக் கூப்பிட்டாள். அவன் எடுத்துப் பேசினான்.

பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மத்தியானத்துக்கு மேல எதாச்சும் போச்சா?" என்றாள். ரெண்டு போச்சு என்றேன். எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.