வேன் நிற்கும் இடத்துப் பூட்டு

கடலூரில் வேன் கிளம்பும்போதே ஜோதி மேரிக்கு மனம் அலைபாயத் தொடங்கிவிடும். வெளிநாட்டுப் பயணிகளைச் சிதம்பரத்துக்கு அழைத்துப்போய்க் காட்டுவது அவள் வேலை. கோபுரத்துச் சிற்பங்களைப் பற்றி எதைக் கேட்டாலும் பிரெஞ்சில் சொல்லிவிடுவாள். “டாய்லெட் எங்கே?” என்று யாராவது கேட்டால்தான் வியர்த்துக்கொட்டும். எந்த பெட்ரோல் பங்கில் தண்ணீர் வரும், எந்த ஓட்டலில் முகம் சுளிக்காமல் விடுவார்கள் என்று வழிநெடுக அதே யோசனை.

தை மாதத்தில் ஒருநாள் கோயிலைச் சுற்றிவிட்டு வெளியே வந்ததும், குழுவிலிருந்த வயதான அம்மா ஒருத்தி அவள் கையை இறுகப் பிடித்தாள். வேன் நிற்கும் இடத்தில் புதிதாகக் கட்டிய கழிப்பறை இருந்தது. கதவில் பூட்டு. எதிரே பூக்கடை போட்டிருந்த மலர்க்கொடியிடம் ஜோதி சாவியைக் கேட்டாள்.

“காண்ட்ராக்டர் ஆளுகிட்ட இருக்கு. ஆபீசருங்க வந்தா தொறப்பாங்க. நாங்கல்லாம் வூட்டுக்குப் போனாத்தான்.”

அவளிடமே நம்பர் வாங்கி ஜோதி போன் போட்டாள். அந்த ஆள் எடுக்கவில்லை. ஓட்டலுக்கு ஓடினாள், மோட்டார் ரிப்பேர், தண்ணீர் இல்லை என்றார்கள். திரும்பி வருவதற்குள் அந்த அம்மா நின்ற இடத்திலேயே நனைந்திருந்தாள். யாரையும் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜோதி தன் துப்பட்டாவை அவிழ்த்து அவள் இடுப்பில் சுற்றினாள். பிறகு டிரைவர் சேரனிடம் ஜாக்கிக் கம்பியைக் கேட்டாள்.

“வேணாங்க்கா, கேசாயிடும்.”

“ஆவட்டும். குடு.”

நாலைந்து அடியில் பூட்டு தெறித்தது. உள்ளே எல்லாம் பளபளவென்று இருந்தது. குழாயைத் திறந்ததும் தண்ணீர் கொட்டியது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை முட்டியது.

அந்த அம்மா கழுவிக்கொண்டு வந்தபின் மலர்க்கொடி போனாள். அப்புறம் காட்டுமன்னார்கோயில் பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள், காலேஜ் பிள்ளைகள் என்று வரிசை நீண்டது. காண்ட்ராக்டர் ஆள் பைக்கில் வந்து, யார் உடைத்தது, ஸ்டேஷனுக்குச் சொல்லவா என்று கேட்டான். ஜோதி தான்தான் என்றாள். மலர்க்கொடி கூடையை இறக்கிவைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“என் பேரையும் சேத்துச் சொல்லு.”

வரிசையில் ஒருத்தியும் நகரவில்லை. அவன் யாருக்கோ போன் பேசியபடி முன்னும் பின்னும் நடந்துவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் புதுப் பூட்டு தொங்கியது. சாவி மட்டும் பூக்கடைக்கு வந்துவிட்டது. டிராவல்ஸ் முதலாளி திட்டித் தீர்த்தார், வேலையை விட்டு நிறுத்தவில்லை. பாராட்டியவர்களும் உண்டு. ஜோதிக்கு எதுவும் ஒட்டவில்லை. ஓட்டலுக்கு ஓடாமல் முதலிலேயே கம்பியை எடுத்திருக்கக் கூடாதா என்று இன்றும் அவள் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.